ஞாயிற்றுக்கிழமை மூச்சு

நவம்பர் 4, திங்கள்

என் பேத்தி தன்ஷிகாவின் மூச்சைக் கெடுத்துவிட்டார்கள். ஆறு வயதுக் குழந்தை. பிறந்தபோது வார்டு முழுக்கக் கேட்கும்படி அழுதவள். இப்போது மூன்று மாடி ஏறி வந்தால் ஐந்து நிமிடத்துக்குப் பேச்சு வருவதில்லை. இது விதியும் இல்லை, பரம்பரையும் இல்லை. எங்கள் வம்சத்தில் யாருக்கும் இளைப்பு கிடையாது. யாரோ செய்த வேலை. யார் என்று கண்டுபிடித்து எழுதி வைக்கத்தான் இந்த நோட்டு.

நான் ஏகாம்பரம், வயது எழுபத்திரண்டு. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மற்றதை வண்டி நிற்கும் நேரத்தில் பேப்பர் படித்தும், நூலகத்தில் அகராதியைப் புரட்டியும் நானே கற்றுக்கொண்டேன். முப்பத்தொரு வருடம் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் ஓட்டினேன். ட்ரிப் ஷீட் எழுதாமல் ஒரு நாளும் வண்டியை விட்டு இறங்கியதில்லை. ஆகவே எனக்கு எழுத வரும்.

டாக்டர் ஷமீனா ஒரு பிளாஸ்டிக் மீட்டர் கொடுத்திருக்கிறார். ஒரு முனையில் வாயை வைத்து ஊதினால் உள்ளே சிவப்பு முள் நகரும். மூன்று முறை ஊத வேண்டும், பெரிய எண்ணை எழுத வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இவள் உயரத்துக்கு நூற்று அறுபது வர வேண்டுமாம்.

"தாத்தா, பர்த்டே மெழுகுவத்தி மாதிரி ஊதணுமா, சூடு பால் மாதிரி ஊதணுமா?" என்று கேட்டாள்.

"மெழுகுவத்தி. அதுவும் எதிர் வீட்டு மெழுகுவத்தி. இங்கிருந்தே அணைக்கணும்" என்றேன்.

காலை 100. மாலை 130.

சந்தேகப் பட்டியல்: தீபாவளி வெடிப் புகை, முன்தெருவில் குழாய்க்குத் தோண்டிப் போட்ட மண், குப்பையை எரிக்கும் வாட்ச்மேன், மாடியில் புறாவுக்குத் தீனி போடும் சம்பத்.

நவம்பர் 6, புதன்

காலை 105. மாலை 135. முன்தெருவில் தோண்டிய மண்ணுக்குத் தண்ணீர் தெளிக்கச் சொல்லி வார்டு அலுவலகத்துக்கு முதல் கடிதம் எழுதினேன். ரேஷனில் பருப்பு இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

காலை 140. மாலை 145. ஞாயிற்றுக்கிழமை பள்ளி இல்லை, ஓட்டமும் இல்லை. மனசு சந்தோஷமாக இருந்தால் நுரையீரல் விரியும்.

நவம்பர் 11, திங்கள்

காலை 105.

மொட்டை மாடிக்குப் போய் சம்பத்திடம் நேரில் சொன்னேன். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கையில் கம்புத் தட்டோடு நின்றிருந்தார்.

"புறா எச்சம் காஞ்சு தூளாப் பறந்தா அது குழந்தை நெஞ்சுக்குள்ள போகும். நான் படிச்சிருக்கேன்."

"நீ எதைத்தான் படிக்கல, ஏகாம்பரம்? போன வருஷம் தண்ணித் தொட்டியில யானைக்கால் கொசு இருக்குன்னு படிச்ச."

"இருந்துச்சே."

"இருந்தது பல்லி."

"சம்பத்து, நாளையிலேர்ந்து தீனி போடாதீங்க. போட்டா தட்டைக் கீழ எறிவேன்."

அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "பாப்பாவுக்கு இப்ப எப்படியிருக்கு?" என்றார். சொன்னேன். தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். மனிதர் மோசமில்லை.

நவம்பர் 14, வியாழன்

நாள் முழுக்க மழை. பின் அறைச் சுவரில் ஈரம் ஊறிக் கருப்புப் பூத்திருக்கிறது. அதுவும் ஆகாது என்கிறார் டாக்டர். பிளீச்சிங் தண்ணீர் வைத்துத் துடைத்தேன். கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி இரண்டையும் நிறுத்திவிட்டேன். ஒரு சுருள் எரிந்தால் பூட்டிய அறையில் கட்டுக்கட்டாகச் சிகரெட் பிடித்ததற்குச் சமம் என்று எங்கோ படித்த ஞாபகம்.

பழைய கொசுவலையை எடுத்து நான்கு மூலையிலும் ஆணி அடித்துக் கட்டினேன். தன்ஷிகா உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, "இது பஸ். நான் டிரைவர். தாத்தா நீ டிக்கெட் எடு" என்றாள்.

"எங்க போகுது வண்டி?"

"கடலுக்குள்ள."

அரை மணி நேரம் கடலுக்குள் போனோம். தன்ஷிகா என்ற பெயரின் பொருள் என்ன என்று எந்த அகராதியிலும் கிடைக்கவில்லை. என் மகள் வசுமதிக்கும் தெரியாது, பெயர் வைத்த மாப்பிள்ளை லோகநாதனுக்கும் தெரியாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், அது போதும்.

நவம்பர் 17, ஞாயிறு

காலை 145. காரணம்: கொசுவலை.

நவம்பர் 18, திங்கள்

காலை 110. கொசுவலையில் கிழிசல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

நவம்பர் 22, வெள்ளி

சாப்பிடும்போது வசுமதி ஆரம்பித்தாள். லோகநாதன் வேலை பார்க்கும் கூரியர் கம்பெனி திருவள்ளூரில் கிளை திறக்கிறதாம். அங்கே மாற்றல் கேட்கலாமாம். வீடு பார்க்கலாமாம், அட்வான்ஸ்கூட அதிகமில்லையாம்.

"எதுக்கு?" என்றேன்.

"எதுக்குன்னா என்னப்பா அர்த்தம்? புள்ளை இழுத்துக்கினு கிடக்குது. அங்க காத்து நல்லாருக்கு."

"இந்த வீட்டுக் காத்துக்கு என்ன குறை? நீ இதே வீட்டுல பொறந்து வளர்ந்தவ. உனக்கு ஒரு தும்மல் வந்திருக்குமா? அதே சுவரு, அதே ஜன்னல். வீட்டுல தப்பு இருந்தா உனக்கு வந்திருக்கணும்ல?"

அவள் ரசத்தை ஊற்றினாள். லோகநாதன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசமாட்டார். "மாமா, சும்மா கேட்டுப் பார்த்தோம்" என்றார். சும்மா கேட்கிறவர்கள் அட்வான்ஸ் விவரமெல்லாம் விசாரித்து வைத்திருக்க மாட்டார்கள்.

குழந்தை போய்விட்டால் காலையில் யார் ஊதுவது, நான் யாருக்காக எழுதுவது?

நவம்பர் 23, சனி

காலை 110. வசுமதி பின் அறை ஜன்னலை அட்டை வைத்து ஒட்டியிருக்கிறாள். காற்றோட்டம் வேண்டாமா என்று பிய்த்துப் போட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

இன்று விடியும் முன்பே மூச்சு முட்டிவிட்டது. தோள் இரண்டும் காது வரை ஏறி இறங்குகிறது. விலா எலும்புக்கு நடுவே தோல் உள்வாங்குகிறது. இளைப்பு மருந்துப் பம்பை ஆறு தரம் அடித்தும் கேட்கவில்லை. ஆட்டோவுக்காக பால்கனியில் இருந்து கத்தினேன். பின்பக்கம் வண்டிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. லோகநாதன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடினார்.

ஆஸ்பத்திரியில் மூன்று தடவை மருந்துப் புகை வைத்தார்கள். முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு என் விரலைப் பிடித்திருந்தாள். மூச்சு கொஞ்சம் வந்ததும் மாஸ்க்கை நகர்த்தி, "தாத்தா, நான் இன்னிக்கு மீட்டர் ஊதல" என்றாள்.

"விடும்மா. இன்னிக்கு லீவு."

ஆனால் நோட்டில் அந்தக் கட்டம் காலியாக இருப்பதைப் பார்க்க முடியவில்லை. கோடு போட்டு வைத்தேன்.

டிசம்பர் 4, புதன்

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டாள். சம்பத் நாலு ஆரஞ்சு கொண்டுவந்தார். உயிர் மீன் விழுங்கினால் சரியாகுமென்று அவர் மச்சினன் சொன்னானாம். "அப்ப மச்சினனை முழுங்கச் சொல்லுங்க" என்றேன். சிரித்துவிட்டு உட்கார்ந்து ஆரஞ்சை அவரே உரித்துக் கொடுத்தார்.

டிசம்பர் 14, சனி

டாக்டரிடம் போனோம். நோட்டைக் கேட்டார். நான் கொடுத்தேன், கொஞ்சம் பெருமையாகத்தான். இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதிக் கொண்டுவந்ததில்லை என்றார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி ஐந்து இடத்தில் வட்டம் போட்டார். ஐந்தும் ஞாயிறு.

"தாத்தா, ஞாயித்துக்கிழமை காலையில உங்க வீட்டுப் பக்கம் என்ன நடக்காது?"

"பள்ளிக்கூடம் இல்ல."

"சனிக்கிழமையும் இல்லையே. சனிக்கிழமை நூத்திப் பத்துதான் ஊதியிருக்கா."

நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்தேன்.

"ஒரே காரணம்னு எதையும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "சுவர்ல ஈரம், கொசுவர்த்தி, புறா, எல்லாம் சேரும். நீங்க அதெல்லாம் சரி பண்ணிட்டீங்க, நல்லது. ஆனா பொறந்த நாள்லேர்ந்து, அதுக்கு முன்னாடி அம்மா வயித்துல இருக்கறப்பவே, தினம் டீசல் புகையைச் சுவாசிச்சா சின்ன நுரையீரல் வளர்றதே வேற மாதிரி ஆயிடும். பக்கத்துல லாரி ஸ்டாண்டு, ஜெனரேட்டர் ஏதாவது இருக்கா?"

வசுமதி என்னைப் பார்த்தாள். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

காலை 145.

டிசம்பர் 16, திங்கள்

காலை 110. எதிர்க்கடையில் தக்காளி நன்றாக இருந்தது. இரண்டு கிலோ வாங்கினேன்.

டிசம்பர் 25, புதன்

தொழிற்சாலை வருடக் கடைசிப் பராமரிப்புக்காக நேற்று முதல் மூடல். புத்தாண்டு வரை வண்டிகள் ஓடாது. காலை 140.

டிசம்பர் 26, வியாழன்

150.

டிசம்பர் 27, வெள்ளி

155. மூன்று மாடியும் ஏறிவந்து, மேலே நின்று, "தாத்தா சீக்கிரம் வா, கிழவா" என்று கத்தினாள். வசுமதி அவள் வாயைப் பொத்தினாள். நான் விடு என்றேன். கத்தட்டும்.

டிசம்பர் 29, ஞாயிறு

காலை 160.

இனி எழுதாமல் இருப்பதில் பொருளில்லை.

எங்கள் குடியிருப்பின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பதினான்கு கம்பெனி பஸ்கள் நிற்கின்றன. ஸ்ரீ வரகுணா டிராவல்ஸ் வண்டிகள். நான் ஓட்டிய கம்பெனி. அதிகாலை நான்கு மணிக்கு அத்தனை வண்டியையும் ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டுவிட்டு டிரைவர்கள் டீ குடிக்கப் போவார்கள். பிரேக்குக்குக் காற்று ஏற வேண்டும். அது பத்து நிமிட வேலை. ஆனால் ஐந்து மணிக்குக் கிளம்பும் வரை ஒருவரும் அணைக்க மாட்டார்கள். பழைய பேட்டரி. அணைத்தால் மறுபடி செல்ஃப் எடுக்குமோ என்ற பயம்.

அந்த மனை முன்பு காலியாகக் கிடந்தது, மழையில் தண்ணீர் நிற்கும். 2010-ல் முதலாளி வண்டி நிறுத்த இடம் தேடினார். அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து காட்டியவன் நான். வீட்டில் இருந்து வேலைக்கு நடந்தே போகலாம் என்ற ஆசை. குடியிருப்புச் சங்கத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். வெளிச்சம் வரும், காவல் வரும், பாம்பு போகும் என்று பேசிச் சம்மதிக்க வைத்தேன். எல்லாம் வந்தது. பாம்பும் போயிற்று.

அடுத்த மார்கழியில் ஒரு நாள் என் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. நாற்பத்தெட்டுத் தொழிலாளிகள் ஷிப்டைத் தவறவிட்டார்கள். அவர்கள் முன்னால் முதலாளி என்னைத் திட்டினார். மூத்த டிரைவர் என்ற உரிமையில் மறுநாளே நான் விதி போட்டேன்: நான்கு மணிக்கு ஸ்டார்ட், கிளம்பும் வரை அணைக்கக் கூடாது, வண்டியை முகம் வெளியே பார்த்து நிறுத்த வேண்டும், அப்போதுதான் நேராக எடுத்துப் போகலாம். முகம் வெளியே பார்த்தால் சைலன்சர் நம் சுவரைப் பார்க்கும். சுவருக்கு மேலே எங்கள் பின் அறை ஜன்னல்.

வசுமதி வளர்ந்தபோது அங்கே வண்டி இல்லை. இதையும் எழுதிவிடுகிறேன். அவள் பிரசவத்துக்கு வந்தபோது அந்த அறையை நான்தான் கொடுத்தேன். இருப்பதிலேயே பெரிய ஜன்னல். காற்றோட்டத்துக்காகக் கொடுத்தேன்.

நான் செய்தது குற்றம் என்று எழுதவில்லை. நடந்த வரிசையில் எழுதியிருக்கிறேன். மூடல் முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

ஜனவரி 2, வியாழன்

வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டன. காலை 120.

வண்டிகள் நிற்கும் யார்டுக்குப் போனேன். இப்போது அங்கே பொறுப்பில் இருப்பவன் கஜபதி. என்னிடம் கிளீனராகச் சேர்ந்தவன், பத்து வருடம் என் வண்டியில் இருந்தான். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது.

"வாண்ணே. இன்னாண்ணே, மறுபடி ஸ்டீரிங் புடிக்க ஆசையா?"

"கஜா, வண்டியைக் கால் மணி முந்தி ஸ்டார்ட் பண்ணாப் போதும். எதுக்கு ஒரு மணி நேரம்?"

அவன் சிரித்தான். "யாரு கேக்கிறது இத? உன் ரூலுண்ணே அது. கிளீனரா இருந்தப்ப ஒரு தபா நான் ஆஃப் பண்ணிட்டேன்னு செவுலு வீங்க வச்சியே, மறந்துட்டியா?"

"மறக்கல. இப்ப நான்தான் சொல்றேன், மாத்து."

"அன்னிக்கு நீ ராஜாண்ணே. இன்னிக்கு நீ பக்கத்து வூட்டுத் தாத்தா."

தன்ஷிகாவைப் பற்றிச் சொன்னேன். நோட்டைத் திறந்து சிவப்பு வட்டங்களைக் காட்டினேன். கஜபதி சிரிப்பதை நிறுத்தினான். அந்தக் குழந்தையை அவன் தோளில் தூக்கிக்கொண்டு யார்டு முழுக்கச் சுற்றியிருக்கிறான்.

"சைலன்சரை அந்தாண்ட திருப்பி நிறுத்தலாம்ணே. ஆனா காலைல இருட்டுல ரிவர்ஸ் எடுக்கணும். பின்னாடி நின்னு விசில் குடுக்க ஆள் இல்ல. கிளீனர் போஸ்ட்ட எடுத்துட்டாங்கோ."

"நான் நிக்கிறேன்."

"பதினாலு வண்டிக்குமா?"

"விசிலு என்கிட்டயே இருக்கு."

ஜனவரி 6, திங்கள்

இன்று முதல் வண்டிகளின் முகம் சுவரைப் பார்க்கிறது. நான்கே முக்காலுக்கு ஸ்டார்ட். ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் நின்று எடுத்துவிட்டேன். ஐந்தாவது வண்டியில் கண் எரிந்தது, பத்தாவதில் இருமல். வீட்டுக்கு வந்து முகம் கழுவியபோது துண்டு கருப்பு.

வசுமதி துண்டை வாங்கிப் பார்த்தாள். "உனக்கு வயசு என்னாவுதுன்னு ஞாபகம் இருக்காப்பா?"

"காலை எவ்வளவு ஊதினா?"

"நூத்தி முப்பது."

"அப்ப இருக்கு."

காப்பியில் அவள் சர்க்கரை கூடப் போட்டிருந்தாள். எனக்குச் சர்க்கரை இருப்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் போட்டிருந்தாள்.

ஜனவரி 9, வியாழன்

135. 130. 135. மூன்று நாள். நூற்று அறுபது வரவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

காலை 150. இன்று வண்டி இல்லாததால் குடியிருப்பில் வீடு வீடாகப் போனேன். இருபத்து நான்கு வீடு. மருந்து பம்பு வைத்திருக்கும் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன்.

எங்களுக்கு நேர் கீழ் வீட்டு பிரமிளா கதவைப் பாதிதான் திறந்தாள். "எங்க வீட்டுல அதெல்லாம் யாருக்கும் இல்ல, தாத்தா" என்றாள். அவளுடைய பெண்ணுக்கு ஒன்பது வயது. அந்தப் பெண் பின்னால் நின்றுகொண்டு விசில் சத்தத்தோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"தன்ஷிகாவுக்கு இருக்குது. நான் ஊரெல்லாம் சொல்லிட்டேன்" என்றேன்.

பிரமிளா என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். அரிசி டப்பாவைத் திறந்து, அரிசிக்குள் கைவிட்டு, நீல நிறப் பம்பை எடுத்தாள். "பொட்டப் புள்ள தாத்தா. நாளைக்கு ஒருத்தன் பொண்ணு பார்க்க வந்தா இளைப்புக்காரின்னு சொல்லிடுவாங்க. எழுதாதீங்க."

"பேரு எழுதல. எண்ணிக்கை மட்டும்."

எண்ணிக்கை ஒன்பது. அதில் ஏழு பின்பக்க வீடுகள். ஏழு பேரும் வண்டிகள் வந்த பிறகு பிறந்தவர்கள்.

ஜனவரி 21, செவ்வாய்

ஒன்பதாம் நம்பர் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் தாமதம். டிரைவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். புதிதாக வந்தவன் ஒருவன், முப்பது வயது இருக்கும், கத்தினான்.

"பெருசு, உன் பேத்திக்கு முடியலன்னா நீ ஊரை மாத்து. எங்க பொழப்புல ஏன் கை வைக்கிற?"

"என் பேத்தி போயிடுவா. மீதி எட்டுப் புள்ளைங்க எங்க போகும்? நீ தினமும் அந்தப் புகைக்குள்ளயே நின்னு டீ குடிக்கிறியே, உன் நெஞ்சைக் காட்டு, நான் ஊதச் சொல்றேன்."

மீட்டர் சட்டைப் பையில்தான் இருந்தது. நீட்டினேன். அவன் வாங்கவில்லை. இன்னொருவர், வயதானவர், வாங்கி ஊதினார். அவர் உயரத்துக்கு வர வேண்டியதில் பாதிகூட வரவில்லை. மீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

"பேத்தி போயிடுவா" என்று என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

ஜனவரி 22, புதன்

முதலாளி போனில் கூப்பிட்டார். "ஏகாம்பரம், நீ கொண்டுவந்து விட்ட இடம்யா அது. நீயே இப்ப எதிரா நிக்கலாமா?"

"நான் கொண்டுவந்ததாலதான் நிக்கிறேன் முதலாளி. வேற எவனாவது கொண்டுவந்திருந்தா அவனை நிக்கச் சொல்லியிருப்பேன்."

போனை வைத்துவிட்டார். வண்டிகள் மறுபடி முகம் வெளியே பார்த்து நிற்க வேண்டும், நான்கு மணிக்கே ஸ்டார்ட் என்று உத்தரவு. கஜபதி வந்து சொன்னான். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

காலை 100.

ஜனவரி 25, சனி

காலை 95. பம்பு நான்கு தரம்.

மீட்டரை வைத்துவிட்டு தன்ஷிகா என் முகத்தைப் பார்த்தாள். "தாத்தா, நான் நல்லாத்தான் ஊதினேன். கோச்சுக்காதே" என்றாள்.

நான் அவள் மேல் கோபப்பட்டதாக நினைத்திருக்கிறாள். இத்தனை நாளும் எண் குறைந்தால் என் முகம் மாறியிருக்கிறது. அதை அவள் தன் மதிப்பெண் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

மடியில் உட்கார வைத்து, "உன் மேல தப்பே இல்ல" என்றேன். "பின்ன யாரு மேல?" என்று கேட்டாள். சொன்னேன். வண்டி யாருடையது, யார் கொண்டுவந்தது, எல்லாம். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நீ பஸ்ஸுக்கிட்ட சாரி சொல்லச் சொல்லு" என்றாள்.

மாலையில் லோகநாதன் வந்ததும், "திருவள்ளூர் வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

அவர் வசுமதியைப் பார்த்தார். "நீங்க ஒத்துக்காம எப்படி, மாமா..."

"குடுத்துடுங்க. நாளைக்கே."

வசுமதி சமையலறையில் போய் நின்றுகொண்டாள். தண்ணீர்க் குழாய் திறந்திருந்தது, பாத்திரம் ஒன்றும் கழுவவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "நீயும் வருவல்லப்பா?" என்றாள்.

"குழாயை மூடு மொதல்ல" என்றேன்.

பிப்ரவரி 1, சனி

வேன் நாளைக் காலை ஒன்பதுக்கு வருகிறது. கட்டில், பீரோ, கொசுவலை அவர்களோடு போகிறது. மீட்டரும். தன்ஷிகா தன் பொம்மைகளை ஒரு சாக்கில் கட்டி, அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் அவளே பெயர் எழுதியிருக்கிறாள். என் சட்டை ஒன்றையும் உள்ளே போட்டிருக்கிறாள். எடுக்கப் போனேன், "அது என்னுது" என்றாள்.

செய்ய வேண்டியவற்றைக் கீழே எழுதுகிறேன். இந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து அவரவர் கையில் கொடுப்பேன். தெரியாது என்று யாரும் சொல்லக் கூடாது.

முதலாளி: பதினான்கு வண்டிக்கும் புதுப் பேட்டரி போட வேண்டும். ஆறு மாதத்துக்குள் வண்டிகளை வீடுகள் இல்லாத இடத்துக்கு மாற்ற வேண்டும். நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம் என்று தெரிந்தே நிறுத்தியவர்; தெரிந்தே எடுக்கவும் வேண்டும்.

கஜபதி: அதுவரை சைலன்சர் சுவரைப் பார்க்கக் கூடாது. உத்தரவு என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. என் விதியை மீறி ஒருமுறை வண்டியை அணைத்து அடி வாங்கியவன் அவன். அந்த தைரியத்தை இப்போதும் காட்ட வேண்டும்.

டிரைவர்கள்: காற்று ஏறப் பத்து நிமிடம் போதும். டீ அணைத்த வண்டிக்குப் பக்கத்திலும் குடிக்கலாம். எல்லோரும் ஒரு தடவை டாக்டரிடம் போய் ஊதிப் பார்க்க வேண்டும்.

வார்டு அலுவலகம்: குடியிருப்பு மனையில் யார்டு நடத்த அனுமதி உண்டா என்று எழுத்தில் பதில் தர வேண்டும். இதுவரை ஐந்து கடிதம் போயிருக்கிறது. ஆறாவதில் ஒன்பது பிள்ளைகள், பின்பக்கத்தில் ஏழு என்ற கணக்கையும், இடம் காட்டியவன் ஏகாம்பரம் என்பதையும் எழுதியிருக்கிறேன்.

குடியிருப்புச் சங்கம்: அன்று என் பேச்சைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் இன்று என் கடிதத்திலும் போட வேண்டும். சம்பத் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

பிரமிளா: பம்பை அரிசி டப்பாவில் இருந்து எடுத்துக் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். கல்யாணம் இன்னும் பதினைந்து வருடம் கழித்து. மூச்சு இன்றைக்கு.

லோகநாதன்: புது வீட்டில் சுவர் ஈரத்தை மழைக்கு முன்பே பார்க்க வேண்டும். என்னிடம் எதையும் சும்மா கேட்கக் கூடாது, நேராகவே கேட்க வேண்டும்.

வசுமதி: தினமும் காலை ஏழு மணிக்குள் எண்ணைப் போனில் சொல்ல வேண்டும். குறைந்திருந்தாலும் மறைக்கக் கூடாது. குழந்தை ஊதும்போது யாரும் முகத்தைச் சுளிக்கக் கூடாது.

ஏகாம்பரம்: மேலே உள்ளவர்கள் செய்கிறார்களா என்று தினமும் போய் நின்று பார்க்க வேண்டும். செய்யாவிட்டால் மறுநாளும் போய் நிற்க வேண்டும். கடைசி வண்டி அந்த மனையை விட்டுப் போன அன்று சாயங்காலம் திருவள்ளூர் ரயில் ஏற வேண்டும். அதற்கு முந்தி இல்லை.